ஆறு மணிக்குப் பிறகு மிஷின் ஓடாது

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவை எடுக்கும் பெண்களில் பலர், ஜாக்கெட் தைக்கத் தண்டையார்பேட்டை, ராயபுரம் சந்துகளில் இருக்கும் எங்களைப் போன்ற வீட்டுத் தையல்காரிகளைத் தேடி வருகிறார்கள். எங்களுக்குக் கடை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது; கூடத்து ஜன்னலோரம் ஒரு மிஷினும், சுவரில் சாய்த்து வைத்த வெட்டுப் பலகையும், அளவு ஜாக்கெட்டுகள் தொங்கும் ஒரு கொடியும்தான் தொழிற்கூடம். வாடகை மிச்சம், பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில்தான் எங்களில் பெரும்பாலோர் இதைத் தொடங்குகிறோம். வாடகை மிச்சமாவது உண்மை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது மட்டும் தானாக நடந்துவிடுவதில்லை. இழுத்து மூட ஷட்டர் இல்லாத இடத்துக்கு வேலை எந்நேரமும் வந்துகொண்டே இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் கதவைத் தட்டி, "நாளைக்குக் காலையில முகூர்த்தம்மா, இந்தக் கையை மட்டும் கொஞ்சம் பிடிச்சுக் குடு" என்பார். அந்த நேரத்தில் மகள் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தால், மிஷின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, என் முதுகைப் பார்த்து ஒப்பிக்க வேண்டியிருக்கும்.

இந்தத் தொழிலில் பிள்ளை வளர்ப்புக்கு இடம் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு லைனிங் ஜாக்கெட் என்பது பல வேலைகளின் தொகுப்பு. அவை ஒவ்வொன்றும் கேட்கும் கவனம் வேறு. வெட்டுவதற்கு முழுக் கவனம் வேண்டும். பட்டுப் புடவையோடு வரும் ஜாக்கெட் துணியில் கத்திரி அரை அங்குலம் தவறினாலும் மாற்றுத் துணிக்கு வழியில்லை. ஆகவே வெட்டும் வேலை முழுவதையும் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, காலை நேரத்திலேயே முடித்துவிடுகிறேன். டாட் பிடிப்பது (உடல்வாகுக்கு ஏற்ப மடிப்பு வைத்துத் தைப்பது), கை ஏற்றுவது, ஓரங்களில் பைப்பிங் வைப்பது ஆகியவை மதியத்துக்கு. எமிங் செய்வது (ஓரம் மடித்துக் கையால் தைப்பது), ஹூக் வைப்பது, நூல் பிசிறு கத்தரிப்பது போன்ற கைவேலைகளை மட்டுமே மாலைக்கு ஒதுக்குகிறேன், ஏனென்றால் பாயில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வாய்ப்பாடு சொல்வதைக் கேட்டபடியே செய்யக்கூடியவை அவைதான். ஆறு மணிக்கு மிஷினின் மேல் உறையைப் போட்டுவிட்டால், மறுநாள் காலைவரை அது எடுக்கப்படாது.

மகன் தவழ்ந்துகொண்டிருந்த நாட்களில் உறை போடுவதற்கு முன் இன்னொரு வேலையும் இருந்தது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, தரை முழுவதும் மெதுவாக இழுத்துக்கொண்டு போவேன். பலகைக்கு அடியிலிருந்தும் பாயின் ஓரத்திலிருந்தும் குண்டூசிகள் வந்து ஒட்டிக்கொள்ளும். எத்தனை கவனமாகப் பொறுக்கியிருந்தாலும் காந்தம் வெறுமையாகத் திரும்பியதில்லை. கத்திரிக்கோல், பிளேடு, இஸ்திரிப்பெட்டி எல்லாம் ஆணியில் உயரமாகத் தொங்கும். வீட்டில் தொழில் செய்யும் தாய்மார்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இந்தக் காந்தத்தைப் பற்றித்தான். வரவு செலவெல்லாம் அதற்குப் பிறகு.

வரவைப் பற்றிச் சொல்வதானால், தையல் வருமானம் மாதச் சம்பளம் அல்ல, பருவத்தைப் பொறுத்தது. கல்யாணம் இல்லாத ஆடியில் கை ஓய்ந்திருக்கும். ஆனால் ஆடித் தள்ளுபடியில் எடுத்த புடவைகள் ஆவணி முகூர்த்தங்களுக்காக மொத்தமாக வந்து சேரும். புரட்டாசியில் தொடங்கும் தீபாவளி நெருக்கடி ஐப்பசிவரை நீடிக்கும். மார்கழி பல ஊர்களில் தையல்காரர்களுக்கு வறண்ட மாதம். ராயபுரத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய இருப்பதால் மார்கழியின் முதல் பாதியைக் கிறிஸ்துமஸ் காப்பாற்றிவிடுகிறது. ஜூனில் சீருடைகளைப் பிரித்துத் தைக்கும் சில்லறை வேலைகள் வரும். ரமலான் மட்டும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னால் நகர்வதால், நோன்புப் பெருநாள் வேலை சில ஆண்டுகள் கோடை விடுமுறையிலும் சில ஆண்டுகள் முழுஆண்டுத் தேர்வுக் காலத்திலும் வந்து விழும்.

கணவர் பாரிமுனையில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அவருடைய சம்பளம் வாடகைக்கும் மளிகைக்கும் போய்விடும். படிப்புச் செலவும் சேமிப்பும் தையல் பணத்தின் பொறுப்பு. தையல் பணத்திலும் லைனிங், நூல், ஹூக் ஆகியவற்றுக்கான தொகையைக் கூலி கைக்கு வந்த உடனேயே தனியாக எடுத்து வைத்துவிடுவேன், ஏனென்றால் அது என் வருமானமே அல்ல. முன்பெல்லாம் கோடவுன் தெருவுக்குப் போனால் பஸ் காசுக்குக் கட்டுப்படியாக வேண்டுமே என்று லைனிங் துணியை மொத்தமாக வாங்கி அடுக்குவது வழக்கம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றான பிறகு, தேவைப்படும் நிறங்களை மட்டும் அடிக்கடி போய் வாங்கிவருகிறேன்; பரணில் துணியாக முடங்கிக் கிடந்த முதல் கையில் பணமாக இருக்கிறது. மின்சாரத்தில் தையல் மோட்டார் இழுப்பது கொஞ்சம்தான், இஸ்திரிப்பெட்டிதான் யூனிட்டை ஏற்றும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதியின் விலையும் சேர்ந்து உயர்ந்துவிடும் என்பதால், ஜாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்து ஒரே சூட்டில் தேய்க்கிறேன்.

சேமிப்பில் எனக்குக் கைகொடுத்தது தபால் நிலையத்து ஆர்.டி., அதாவது மாதாமாதம் ஒரு தவணை கட்டும் தொடர் வைப்பு. ஐந்தாண்டுக் கணக்கு, மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம் என்பது பலருக்கும் தெரியும். 6 மாதத் தவணையைச் சேர்த்து முன்கூட்டியே கட்டலாம், அப்படிக் கட்டினால் ஒரு சிறு தள்ளுபடியும் உண்டு என்பது என் வாடிக்கையாளர்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. பருவ வருமானக்காரர்களுக்கென்றே செய்தது போன்ற விதி இது. தீபாவளிக் கூலி கையில் இருக்கும்போதே அடுத்த ஆறு மாதத்தைக் கட்டிவிட்டால், வேலை குறைந்த மாதத்தில் தவணைக்காக எந்த வேலையையும் வாரிப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. மகளுக்கு 2015-இல் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் கணக்குத் தொடங்கினோம். அப்போது ஆண்டுக்குக் குறைந்தது 1000 ரூபாய் கட்ட வேண்டும். 2018-இல் அதை 250 ஆகக் குறைத்தார்கள். தெருவில் பிடிக்கும் சீட்டுகளில் பிள்ளைகளின் பணத்தை நான் போடுவதில்லை. பிடிப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பதிவில்லாத சீட்டு நின்றுபோனால் கேட்க ஆளில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, முன்னே கட்டிவைத்த தவணையின் அருமை தெரிந்தது. தெருவில் தண்ணீர் ஏறியதும் முதலில் வாடிக்கையாளர்களின் பட்டுத் துணிகளைப் பரணில் ஏற்றினோம், பிறகு மிஷினைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தோம். தண்ணீர் வடிந்தும் கரண்ட் வரவில்லை. மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பழைய தோல் பெல்ட்டைச் சக்கரத்தில் மாட்டிக் காலால் மிதித்துத் தைத்தேன். கிறிஸ்துமஸ் துணிகள் பாதிதான் வந்தன. அந்த மாதம் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மட்டும் பணம் தேவைப்பட்டது; தவணை என்ற கவலை இல்லை.

சேமிப்பு எதற்கு என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்று சொல்லும் பலத்துக்கு என்பேன். 2025-இல் நோன்புப் பெருநாள் மார்ச் 31 அன்று வந்தது. மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 28-இல் தொடங்கியது. பெருநாளுக்கு முந்தைய அந்தக் கடைசி வாரம் எங்கள் பகுதியில் தையல்காரர்களுக்கு நல்ல கூலி கிடைக்கும் வாரங்களில் ஒன்று. நோன்பு தொடங்கியதிலிருந்தே, மார்ச் 20-க்கு மேல் துணி வாங்க மாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். வருடக்கணக்காக என்னிடமே தைக்கும் ஓர் அக்கா தாங்கமாட்டாமல் கேட்டார்: "என்னம்மா இப்படி சொல்லிட்ட, பெருநாளைக்கு நான் யாராண்ட போவேன்?" "பாப்பாவுக்குப் பரீட்சைக்கா, இந்த ஒரு தடவை பக்கத்துத் தெரு டெய்லராண்ட குடுங்க, அவங்க கை நல்லா இருக்கும்" என்றேன். அந்த அக்கா அடுத்த மாதமே திரும்பி வந்துவிட்டார். திரும்பி வராதவர்களும் உண்டு, அந்த இழப்பு கணக்கு நோட்டில் தெரிந்தது. ஆனால் தீபாவளியிலேயே ஏப்ரல்வரை ஆர்.டி. கட்டப்பட்டிருந்ததால், மகள் படித்த இரவுகளில் எங்கள் வீட்டில் மிஷின் சத்தம் இல்லை. அவள் கணக்குப் போட, நான் பக்கத்தில் அமர்ந்து முன்பே தைத்து வைத்த ஜாக்கெட்டுகளுக்கு ஹூக் வைத்தேன். தூக்கம் வந்தபோது பேச ஓர் ஆள் வேண்டும் என்றாள்; பேசினோம்.

பத்தாம் வகுப்பு தேறிவிட்டால் செல்வமகள் கணக்கில் பாதிவரை மேற்படிப்புக்கு எடுக்கலாம். தேறினாள், ஆனாலும் நாங்கள் எடுக்கவில்லை. கல்லூரிக்கு அது வேண்டும். துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மிஷின் வாங்கும் யோசனையையும் அதற்காகவே தள்ளிப்போட்டிருக்கிறோம். 2027-இல் அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. நோன்புப் பெருநாள் அந்த ஆண்டு மார்ச் இரண்டாம் வாரத்தை ஒட்டி வரும் என்பதால் மறுபடியும் இரண்டும் மோதப்போகின்றன. 2026 தீபாவளிக் கூலியிலிருந்து எத்தனை மாதத் தவணையை முன்னே கட்டுவது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அந்த அக்காவிடமும், பெருநாள் துணியை மாசி பிறப்பதற்குள் கொடுத்துவிடும்படி சொல்லியாகிவிட்டது.