அக்காவுக்குத் தடுப்பூசி போட வைத்த கதை

2021-இல் எங்கள் குடும்பத்தில் கொரோனா தடுப்பூசிக்கு முதலில் தகுதி பெற்றவர் அக்காதான். அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை நோய் வேறு. "நாலு பேர் போட்டுக்கொள்ளட்டும், பிறகு பார்க்கலாம்" என்று அத்தான் தீர்ப்பு எழுதிவிட்டார். அந்த நாலு பேரும் இதையே சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். பதில் இல்லை.

அக்காவின் தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டவை நியாயமான கேள்விகள். பொறுமையாகப் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. "தடுப்பூசி வரப் பல ஆண்டுகள் ஆகும் என்பார்கள், இது எப்படி ஒரே வருடத்தில் வந்தது?" என்பது முதல் கேள்வி. வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரியிலேயே வெளியாகிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் மெர்ஸ் என்ற வேறொரு கொரோனா வகை நோய்க்காக முன்பே சோதித்துவந்த முறையை இதற்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். சோதனை முடிவு வரும் முன்பே உற்பத்தியும் தொடங்கிவிட்டது. முடிவு பாதகமாக வந்திருந்தால் தயாரித்தது அத்தனையும் குப்பைக்குத்தான். இந்தக் கடைசி விஷயம்தான் அக்காவுக்குப் பிடிபட்டது. வீட்டுக் கணக்கு பார்ப்பவர் அல்லவா!

அடுத்தது, ஊசியால் இரத்தம் உறைந்து கட்டியாகுமோ என்ற பயம். மார்ச் மாதத்தில் ஐரோப்பிய நாடுகள் சில, அக்காவுக்குக் கிடைக்கவிருந்த, ஆக்ஸ்ஃபோர்டு உருவாக்கிய அதே ஆஸ்ட்ராஜெனெகா ஊசியை நிறுத்திவைத்தன. செய்தி அன்றே குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. வதந்தி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஏப்ரலில் ஐரோப்பிய மருந்து முகமையே அதை மிக அரிதான பக்கவிளைவாகச் சேர்க்கச் சொன்னது. இதற்கு மேல் நான் பேசுவதில் பயன் இல்லை என்று, அவருக்குச் சர்க்கரை நோய் பார்க்கும் மருத்துவரிடமே அழைத்துப்போனேன்.

அவர் மழுப்பவில்லை. "ஆமாம், அந்த ஆபத்து இருக்கிறது, மிக அரிது. உங்கள் வயதுக்கும் சர்க்கரைக்கும் நோய் வந்தால் வரும் ஆபத்து அதைவிடப் பல மடங்கு. ஊசி போட்டுச் சில நாட்கள் கழித்துக் கடும் தலைவலி, மூச்சுத் திணறல், கால் வீக்கம் எது வந்தாலும் உடனே வாருங்கள்" என்றார். ஆபத்தே கிடையாது என்று சொல்லியிருந்தால் அக்கா அப்போதே எழுந்து வந்திருப்பார். காய்ச்சலும் கைவலியும் வரலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

ஊசி போட்டது ஒரு நொடி. அதன் பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்துக் கவனித்து அனுப்பினார்கள். இரவு காய்ச்சல் வந்தது. "பார்த்தாயா?" என்றார் அத்தான். "வரும் என்று டாக்டர் சொன்னாரே" என்று அக்கா பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். இரண்டாவது தவணைத் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டதும் அவரேதான்.

அத்தானை என் வாதம் எதுவும் அசைக்கவில்லை. வெளிநாட்டுப் பயணத்துக்குச் சான்றிதழ் கேட்டார்கள், போய்ப் போட்டுக்கொண்டார். கட்டாயம் காரியத்தை முடிக்கிறது, நம்பிக்கையைத் தருவதில்லை என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

ஒமைக்ரான் அலையில் இருவருக்குமே தொற்று வந்தது, வீட்டிலேயே சரியாயிற்று. "இரண்டு ஊசி போட்டும் வந்துவிட்டதே" என்றார் அக்கா. தொற்றைத் தடுக்கும் சக்தி விரைவில் குறைந்துவிடும், நோய் முற்றாமல் காப்பது அதைவிட நீடிக்கும் என்றேன். அதையும் அந்த மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே பூஸ்டருக்குக் கிளம்பினார். அத்தான் வரவில்லை. சான்றிதழ்தான் கையில் இருக்கிறதே என்றார்.