மாமாக் கடையைத் தாண்டி மூன்றாவது வாரம்

பிற்பகல் 3 மணிக்கு ஆலைக்குள் போனால் வெளியே வர இரவு 11 தாண்டிவிடும். அந்நேரம் சுங்கை சிப்புட் அடங்கிக் கிடக்கும். இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் மட்டும் வெளிச்சம். என் மோட்டார் தானாகவே அங்கே திரும்பிவிடும். ஒரு மீ கோரேங், முட்டை போட்ட ரொட்டி சானாய், மேலே ஒரு தே தாரிக். வீட்டுக்கு வந்த பிறகும் சும்மா இருப்பதில்லை, டின்னைத் திறந்து முறுக்கு. (நாலு முறுக்கு என்பது என் கணக்கு. அம்மாவின் கணக்கு வேறு.)

போன மாதம் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். இனிப்புநீர் (நீரிழிவு) நோயின் வாசலில் நிற்கிறேனாம். 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் ஏறக்குறைய ஆறு பெரியவர்களில் ஒருவருக்கு அது உண்டு. நடுராத்திரியில் இன்சுலின் மந்தமாகத்தான் வேலை செய்யும், அதே சோறு பகலைவிட அதிகமாகச் சர்க்கரையை ஏற்றும் என்றார் கிளினிக் மிஸ்ஸி (தாதி).

மாலை ஓய்வில் தேத்தண்ணியும் ரெண்டு பிஸ்கட்டும் மட்டும் விழுங்கினால் 11 மணிக்கு வயிறு வேறென்ன செய்யும்? இப்போது தூக்குச்சட்டியில் சோறு, கீரை, ஒரு துண்டு மீன். 7 மணிக்கே சாப்பிட்டுவிடுகிறேன். திரும்பும்போது மாமாக் கடைப் பக்கம் போகாமல் தோட்டத்துச் சாலை. இருட்டு, சமயத்தில் காட்டுப்பன்றி குறுக்கே ஓடும். பரவாயில்லை, அது ரொட்டி போடாது.

முறுக்கு டின்னை அம்மா ஒளித்து வைத்துவிட்டார். நேற்று அரிசி மூட்டைக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். சரி, ரெண்டே ரெண்டுதான் எடுத்தேன்.