ஆயாவோட பம்ப் ஸ்டவ்

பரண்ல கிடந்த ஆயாவோட பித்தளை பம்ப் ஸ்டவ் மறுபடி நீலமா எரியுது! புளி போட்டுத் தேய்ச்சதுல டேங்க் பளபளன்னு ஆயிடுச்சு. ஆனா உயிரே பம்புக்குள்ள இருக்கிற தோல் வாஷர்தான். அது காய்ஞ்சு சுருங்கிட்டா எவ்வளவு அடிச்சாலும் காத்து ஏறாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு சுத்தியும் தோல் ஊருங்க, நமக்கு வாஷருக்கா பஞ்சம்? தடிச்ச தோலை வட்டமா வெட்டி, எண்ணெயில ஊறவெச்சு, கிண்ணம் மாதிரி வளைச்சுப் போட்டோம். கிருஷ்ணாயில் ஆவி வெளிய வர்ற சின்னத் துளை, அதான் நிப்பிள், அதுல இருந்த அடைப்பை ஊசியால குத்தி எடுத்தாச்சு.

இதுக்குத் திரி கிடையாது. முதல்ல ஸ்பிரிட் ஊத்தி பர்னரைச் சூடாக்கணும். அந்தச் சூட்டுல கிருஷ்ணாயில் ஆவியாகி, காத்தோட கலந்தாத்தான் நீலச் சுடர். அவசரப்பட்டு பம்ப் அடிச்சா மஞ்சளா குபீர்னு கிளம்பும், ஜாக்கிரதை. ஸ்வீடன்ல 1892ல லிண்ட்க்விஸ்ட் உருவாக்கின பிரைமஸ் அடுப்பும் இதே வழிதான். எவ்வளவு அழகான யோசனை!

முதல் சமையல் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் குழம்பு. 2023ல புவிசார் குறியீடு வாங்கின நம்மூர்க் காய். அந்த இரைச்சலோட கொதிச்ச குழம்பை அம்மா ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க.

வேலூர் பக்கம் யார் வீட்டுலயாவது பழைய பர்னர் சும்மா கிடந்தா சொல்லுங்க, நானே வந்து வாங்கிக்கிறேன்.