கையெழுத்து யாருடையது?

உயர்தரக் கலைப்பிரிவில் ஐரோப்பிய வரலாறு படித்த எங்களுக்கு, பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்ஸ் மிக எளிதான பாடமாக முடிந்திருக்கலாம். ஒருபுறம் மன்னன், தணிக்கை, பஸ்தில் சிறை; மறுபுறம் வால்டயர், ரூசோ, டிடெரோ ஆகிய சிந்தனையாளர்கள். பரீட்சைக்கு அவ்வளவு போதும், கைக்குக் கிடைத்த குறிப்புகளும் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தன. எமது வரலாற்று ஆசிரியருக்கு அது போதவில்லை. "அரசாங்கம் நூலைத் தடைசெய்தது" என்று எவரேனும் விடை எழுதினால், அந்த வரியின் கீழ் சிவப்பு மையால் கோடிட்டு, "தம்பி, அரசாங்கம் எண்டால் ஆர்? ஆணையிலை கையெழுத்து வைச்சது ஆர்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குவதற்கு அவர் தெரிந்தெடுத்த உதாரணம், டிடெரோ பதிப்பாசிரியராக இருந்து பல தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம். எமது கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் பிரான்ஸ் கிளை மலருக்கு எழுதும்படி கேட்டபோது, கல்லூரியிடமிருந்து நான் பெற்றவற்றுள் இந்த மண்ணில் நாள்தோறும் பயன்பட்ட ஒன்றைப் பற்றி எழுதவே விரும்பினேன்.

பாரிஸ் மெட்ரோவின் முதலாம் வழித்தடத்தில் கிழக்கே கடைசி நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், வன்சென் கோட்டையின் உயர்ந்த கோபுரம் எதிரே நிற்கும். 1749 ஜூலையில் டிடெரோ அங்கேதான் அடைக்கப்பட்டார். பார்வையற்றோரைப் பற்றி அவர் அனுமதியின்றி வெளியிட்ட சிறுநூல் கடவுள் நம்பிக்கையையே கேள்விக்குள்ளாக்கியது என்பது குற்றச்சாட்டு. விசாரணை கிடையாது, தீர்ப்பும் கிடையாது. மன்னனின் பெயரில் பிறப்பிக்கப்பட்ட ஓர் ஆணை போதுமாயிருந்தது. அவரைக் கைதுசெய்யும்படி பொலிஸ் தலைமை அதிகாரிக்கு உத்தரவிட்டவர் அமைச்சர் தார்ஜென்சன் பிரபு. ஆனால் கலைக்களஞ்சியத்தில் பெருந்தொகை முதலிட்டிருந்த புத்தக வெளியீட்டாளர்கள், பதிப்பாசிரியர் சிறையிலிருந்தால் தங்கள் முதல் அழிந்துபோகும் என்று அதே அமைச்சரிடம் மனுக் கொடுத்தார்கள். அந்தச் சிறுநூலை எழுதியது தாமே என்பதை டிடெரோ முதலில் மறுத்துப் பின்னர் ஒப்புக்கொண்டதும் கோபுரத்திலிருந்து கோட்டைக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டார், நவம்பரில் விடுதலையானார். 1751இல் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளிவந்தபோது, அது யாருக்குக் காணிக்கையாக்கப்பட்டிருந்தது தெரியுமா? அதே தார்ஜென்சன் பிரபுவுக்கு. ஆசிரியர் இதைச் சொல்லிவிட்டு, நாங்கள் சிந்திப்பதற்காகச் சற்று நேரம் எதுவும் பேசாமல் நின்றது நினைவிருக்கிறது.

அந்த முதல் தொகுதியில், அரசியல் அதிகாரம் என்ற தலைப்பில் டிடெரோ எழுதிய கட்டுரை, பிறரை ஆளும் உரிமையை எந்த மனிதனும் இயற்கையிடமிருந்து பெறவில்லை என்று தொடங்குகிறது. இறைவனே மன்னனை நியமித்தான் என்ற கோட்பாட்டின் மேல் நின்ற ஓர் அரசில், அந்த அரசின் முறையான அச்சு உரிமத்தோடு வெளிவந்த நூலில் இந்த வாக்கியம் இருந்தது! யேசு சபையினரும் அரண்மனையைச் சார்ந்த குருமாரும் கொதித்தெழுந்தார்கள். 1752 பெப்ரவரியில் மன்னனின் மன்றம் முதல் இரண்டு தொகுதிகளையும் தடைசெய்தது. அவை அரச அதிகாரத்தைக் குலைத்துக் கீழ்ப்படியாமையை வளர்க்கின்றன என்பது காரணம்.

இந்த இடத்தில்தான் மால்ஸேர்ப் வருகிறார். 1750 இறுதியில், முப்பது வயதை எட்டாத நிலையில், புத்தக வணிகம் முழுவதையும் மேற்பார்வை செய்யும் பதவியை ஏற்றவர். அவருக்கு அதைக் கொடுத்தவர் நாட்டின் சான்சலராக, அதாவது நீதித்துறையின் தலைவராக, இருந்த அவருடைய சொந்தத் தந்தை. நூற்றுக்கு மேற்பட்ட அரச தணிக்கையாளர்கள் அவருக்குக் கீழ் வேலை செய்தார்கள். டிடெரோவின் மகள் எழுதிவைத்த நினைவுக் குறிப்பின்படி, கையெழுத்துப் பிரதிகளைப் பறிமுதல் செய்ய மறுநாள் ஆணை பிறப்பிக்கப்போவதாக மால்ஸேர்ப் தாமே டிடெரோவுக்கு முன்கூட்டி அறிவித்தார். இவ்வளவு தாள்களையும் ஒரே நாளில் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று டிடெரோ தவித்தபோது, "எல்லாவற்றையும் என் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே வந்து யாரும் தேடமாட்டார்கள்" என்ற பொருள்படப் பதில் கொடுத்தார். இது 1752ஆம் ஆண்டுத் தடையின்போது நடந்ததா, 1759ஆம் ஆண்டுத் தடையின்போது நடந்ததா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எதுவாயினும், பறிமுதல் ஆணையில் கையெழுத்திட்டவரின் வீடே ஒளித்துவைக்கும் இடமாகியது என்று சொன்னபோது எங்கள் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

தடை நீடிக்கவில்லை. மதம் அறிந்த மூன்று தணிக்கையாளர்கள் எல்லாக் கட்டுரைகளையும் பார்க்கவேண்டும் என்ற நிபந்தனையோடு 1753இல் மூன்றாம் தொகுதி வந்தது. 1755இல் கலைஞர் லா தூர் வரைந்த மதாம் பொம்பதூரின் பெரிய ஓவியத்தில், மன்னனின் அந்த அன்புக்குரியவளுடைய மேசையில் கலைக்களஞ்சியத்தின் நான்காம் தொகுதி நிற்கிறது. மன்னனின் மன்றம் தடைசெய்த நூலின் தொடர்ச்சி மூன்று ஆண்டுகளில் மன்னனின் அரண்மனை அறைக்குள் அலங்காரப் பொருளாகிவிட்டது.

1757 ஜனவரியில் தாமியன் என்பவன் பதினைந்தாம் லூயி மன்னனைக் கத்தியால் குத்தினான். காயம் சிறியது, அச்சம் பெரியது. மதத்தையோ அரச அதிகாரத்தையோ தாக்கி எழுதுவோருக்கு மரண தண்டனை என்ற பிரகடனம் சில மாதங்களில் வந்தது. அடுத்த ஆண்டு ஹெல்வேஷியஸ் எழுதிய தத்துவ நூல் முறைப்படி தணிக்கையைத் தாண்டி வெளிவந்து பெரும் அமளியைக் கிளப்பியது. அதற்கு அனுமதி கொடுத்த தணிக்கையாளர் தெர்சியே, வெளிநாட்டலுவல் அமைச்சில் தாம் வகித்த பதவியையும் இழந்தார். 1759இல் பாரிஸ் உயர் நீதிமன்றம் கலைக்களஞ்சியத்தின் மீதும் கைவைத்தது; மார்ச்சில் மன்னனின் மன்றம் அச்சு உரிமத்தையே இரத்துச் செய்தது; பாப்பரசரும் தடைப் பட்டியலில் சேர்த்தார். சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் 72 லீவ்ர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்) திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று ஜூலையில் உத்தரவு வந்தது. அது நிறைவேறியிருந்தால் முயற்சி அன்றோடு முடிந்திருக்கும். செப்டெம்பரிலோ படத் தொகுதிகளை மட்டும் வெளியிடப் புதிய உரிமம் வழங்கப்பட்டது. திருப்பிக் கொடுக்கவேண்டிய பணம் அந்தப் படத் தொகுதிகளின் விலையாகக் கணக்கு வைக்கப்பட்டது. இதன் பின்னால் இருந்தவரும் மால்ஸேர்ப்தான்.

எஞ்சிய பத்துத் தொகுதிகளும் பாரிஸிலேயே, அரசின் கண்ணெதிரே, அமைதியாக அச்சாகின. அச்சிட்டவர் லு பிரெட்டன். அவர் மன்னனின் அதிகாரபூர்வ அச்சகத்தாருள் ஒருவர். இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்துவது இவருடைய பகுதி. 1764இல் டிடெரோ ஏதோ ஒன்றைச் சரிபார்ப்பதற்காக எஸ் எழுத்தில் தொடங்கும் கட்டுரை ஒன்றைப் புரட்டியபோது, தாம் எழுதியது அங்கே இல்லை என்று கண்டார். தேடத் தேட மேலும் பல கட்டுரைகள் அப்படியே சிதைந்திருந்தன. இறுதி அச்சுப்படியில் டிடெரோ ஒப்புதல் கொடுத்த பின்னர், லு பிரெட்டன் தமது அச்சகத்திலேயே ஆபத்தானவை என்று தமக்குப் பட்ட வரிகளையெல்லாம் இரகசியமாக வெட்டியிருந்தார். இரண்டு ஆண்டுகளாகத் தம்மைக் கோழைத்தனமாக ஏமாற்றிவிட்டதாக டிடெரோ அவருக்கு எழுதிய கடிதத்தில் கோபத்தைவிடத் துயரமே மேலோங்கி நிற்கிறது. வெட்டப்பட்ட பகுதிகள் சிலவற்றின் அச்சுப்படிகள் இருபதாம் நூற்றாண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தன. இங்கே எந்த அதிகாரியும் கையெழுத்திடவில்லை. முதலீட்டை இழந்துவிடுவோம், சிறைக்குப் போய்விடுவோம் என்ற பயமே ஒரு வணிகரைத் தணிக்கையாளராக்கியது. அரச அதிகாரம் புதிய சிந்தனைக்குச் செய்த மிகப் பெரிய சேதம், மன்றத்தின் ஆணைகளைக் காட்டிலும் இந்த அச்சகத்திலேயே நிகழ்ந்தது என்பது எனது உறுதியான எண்ணம். 1765 முடிவில், இன்றைய சுவிற்சர்லாந்தின் நொஷாத்தேல் நகரில் அச்சானதாகப் பொய் முகவரி தாங்கி அந்தத் தொகுதிகள் வெளிவந்தன. அத்தனை எச்சரிக்கையாக இருந்தும், அரண்மனை நகரான வெர்சாயில் பிரதிகளை விநியோகித்ததற்காக 1766இல் லு பிரெட்டன் சில நாள் பஸ்தில் சிறையில் இருக்க நேர்ந்தது.

   

மால்ஸேர்ப் சிந்தனைச் சுதந்திரத்தின் காவலரா, அல்லது முடியாட்சியின் கெட்டிக்கார ஊழியரா என்று எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. அன்று முதலாவது அணியில் இருந்த நான், அவர் அக்காலத்தில் புத்தக வணிகம் பற்றி எழுதிய குறிப்புகளை வாசித்த பின்னர் அவர் இரண்டுமே என்று கருதுகிறேன். அரசு வெளிப்படையாக அனுமதித்த நூல்களை மட்டுமே வாசிக்கும் ஒருவன் தன் காலத்தவரைவிட ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பின்தங்கிப்போவான் என்று அவரே எழுதினார். அதே வேளையில், தடைசெய்யப்பட்ட நூல்கள் ஒல்லாந்திலும் சுவிற்சர்லாந்திலும் அச்சாகிக் கள்ளமாக உள்ளே வந்தால், பிரெஞ்சு அச்சகங்களுக்குரிய வருமானமும் போகும், அரசின் மேற்பார்வையும் போகும் என்ற கணக்கும் அவரிடம் இருந்தது. அதனாலேயே, முறையான அச்சு உரிமம் கொடுக்காமல் வாய்மூடி அனுமதிக்கும் முறையை அவர் விரிவாக்கினார்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792 டிசெம்பரில் பதினாறாம் லூயி மன்னன் விசாரணைக்கு நிறுத்தப்பட்டபோது, எழுபது வயது கடந்த மால்ஸேர்ப் தாமாகவே முன்வந்து புரட்சி மன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பதவியை எல்லோரும் விரும்பிய காலத்தில் தம்மை இருமுறை அரச ஆலோசனை மன்றத்துக்கு அழைத்த மன்னனுக்கு, பலரும் அஞ்சும் காலத்தில் அதே சேவையைச் செய்யக் கடமைப்பட்டிருப்பதாக அதில் சொன்னார். அந்தக் கடிதத்தின் கீழ் தமது பெயரையும் இட்டார். 1794 ஏப்ரல் 22இல், மகளும் பேத்தியும் உடன்வர, அவர் கில்லற்றினுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.