டில்ஃபரைக் குறைத்துப் பேசாதீர்கள்

ரிஸ்க் எடுக்காமல் அடக்கி ஆடுகிற குவாட்டர்பேக்கை (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) வைத்து, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஜெயிக்க முடியுமா என்று யார் கேட்டாலும், எனக்கு 2000 சீசன் பால்டிமோர் ரேவன்ஸ் அணிதான் ஞாபகம் வரும். அந்த அக்டோபரில் தொடர்ந்து 5 ஆட்டங்களில் அவர்களுடைய அஃபென்ஸ் (பந்தோடு முன்னேறும் பிரிவு) ஒரு டச்டவுன்கூட, அதாவது எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் ஸ்கோர்கூட, போடவில்லை! ஆனால் ரே லூயிஸ் இருந்த டிஃபென்ஸ் (தடுக்கும் பிரிவு) 16 ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தது மொத்தமே 165 புள்ளிகள். அப்படியொரு மதில் இருக்கும்போது பந்தைத் தொலைக்காமல் இருப்பதே பெரிய வேலை. அவர்களுடைய குவாட்டர்பேக் ட்ரென்ட் டில்ஃபர் அதைச் செய்தார்.

இறுதிப் போட்டியில் அவர் வீசிய 25 பாஸில் 12தான் கைசேர்ந்தது. இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி பறித்த பாஸ், ஒன்றுகூட இல்லை. எதிரணியான ஜயன்ட்ஸின் குவாட்டர்பேக் கெர்ரி காலின்ஸ் 4 முறை பறிகொடுத்தார். 34-7 என்று ரேவன்ஸ் ஜெயித்தது.

முதல் டச்டவுனே டில்ஃபர் சக வீரர் ஸ்டோக்லிக்கு வீசிய 38 யார்டு பாஸ். பயந்தவர் வீசுகிற பந்தா அது? அவரை அடுத்த சீசனுக்கே அணி வைத்துக்கொள்ளவில்லை. இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.