சாமியா கொழுந்து எடுத்தாரு?

தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் எனும் பேர், சம்பளப் பதிவேடு எழுதும் வேலையும், போதகர் வர இயலாத ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஆராதனை நடத்தும் பொறுப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால், பாவமன்னிப்பைப் பற்றிய போதனையை அவரால் கணக்குப் புத்தகத்தை மறந்துவிட்டுக் கேட்க முடியாது. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் நான் அவ்விரண்டையும் பல ஆண்டுகள் செய்தேன். பலியைப் பற்றியும் மன்னிப்பைப் பற்றியும் எனக்கு இன்றுள்ள தெளிவில் பெரும்பகுதி வேதபாட வகுப்புகளில் கிடைத்ததன்று. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நடந்த ஒரு களவின் கணக்கைத் தீர்க்கும்போது கிடைத்தது.

தோட்டத்து நிறுவையை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். பெண்கள் எடுத்துவரும் கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்படும். சாக்கின் பாரத்துக்கும் இலையில் ஒட்டிய ஈரத்துக்கும் என்று சில கிலோ கழிக்கப்படும். எவ்வளவு கழிப்பது என்பது பெரும்பாலும் தராசடியில் நிற்பவரின் வாயில்தான் இருக்கிறது. குறித்த நிறை சேராவிட்டால் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், கிடைக்காது. ஆகவே ஒரு கிலோ என்பது சில நாட்களில் அரை நாள் சம்பளமாகும். எங்கள் தோட்டத்தில் தராசடியில் நின்ற ஒருவர், நியாயமான கழிவுக்கு மேலும் கிலோ வெட்டி, வெட்டியதைத் தம் உறவுக்காரப் பெண் ஒருவரின் பேரில் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பிள்ளைப்பேற்றுக்காக ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களிலும் அவர் பேரில் கொழுந்து விழுந்திருந்ததால் விடயம் வெளியே வந்தது.

அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். பிடிபட்ட வாரமே ஆலயத்தில் அழுது அறிக்கையிட்டார். அன்று பிரசங்கித்தவர் 51ஆம் சங்கீதத்தை வாசித்து, “தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து” என்ற தாவீதின் வார்த்தையை விளக்கி, கிறிஸ்துவின் இரத்தம் எல்லாப் பாவத்தையும் கழுவிற்று என்று முடித்தார். மறுநாள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், சபையைச் சேராத, மாரியம்மன் கோவிலுக்குப் போகிற ஓர் அம்மா என்னை மறித்து, “என் கிலோவ வெட்டிப்புட்டு சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டா எப்படிங்கய்யா? சாமியா கொழுந்து எடுத்தாரு?” என்று கேட்டார்.

தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து தொடங்குமுன் கோழி அறுத்துப் படைக்கும் மலையில் பலி என்பது புத்தகச் சொல்லன்று. அங்கே யாருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் படையல் கத்தி காலில் படாமல், பாம்பு தீண்டாமல் காக்கும்படி வேண்டிக்கொள்வது. குற்றநிவாரணபலியின் பொருள் வேறு. லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தின் தொடக்க வசனங்கள் அதைச் சொல்கின்றன: அயலானை ஏமாற்றி எடுத்தவன், முதலையும் அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி உரியவனுக்குக் கொடுத்துவிட்டு, பழுதற்ற ஆட்டுக்கடாவைக் கொண்டுவர வேண்டும். அயலானுக்குச் செய்த வஞ்சனையை அந்த அதிகாரம் எடுத்த எடுப்பிலேயே கர்த்தருக்கு விரோதமான துரோகம் என்கிறது. ஆனால் அதனால் அயலானின் பங்கு குறைந்துவிடுவதில்லை. பீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொல்வதும் இதே ஒழுங்குதான். உரியாவைக் கொல்வித்த தாவீதின் வாயிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் 51ஆம் சங்கீதத்தை மட்டும் பிரித்தெடுத்து வாசித்தால் களவு கொடுத்தவர் காட்சியிலிருந்தே மறைந்துபோகிறார். பிரசங்கிகள் அதைத் தனியாக எடுக்கலாகாது என்பது என் எண்ணம்.

அந்த அம்மாவின் கேள்விக்குக் கிறிஸ்தவம் தரும் பதிலோ அவர் எதிர்பார்த்திராத ஒன்று. ஆம், எடுத்தார். மிகவும் சிறியவராகிய இவர்களில் ஒருவருக்குச் செய்தது எனக்கே செய்தது என்று மத்தேயு 25இல் சொன்னவர், கிலோ வெட்டப்பட்டவர்களின் வரிசையில்தான் கூடையோடு நிற்கிறார். கோபங்கொண்ட கடவுள் குற்றமற்ற மூன்றாம் ஆள் ஒருவரின் இரத்தத்தை வாங்கிக்கொண்டு சமாதானமானார் என்று சிலுவையை விளக்கினால் அது அநியாயமாகவே ஒலிக்கும். நான் அப்படிக் கற்பித்ததில்லை. தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்று பவுல் எழுதுகிறார். அநியாயம் இழைக்கப்பட்டவரே அந்த இழப்பைச் சுமந்துகொண்டார் என்பதே பலியின் உட்பொருள். கணக்கு எழுதியவனுக்கு இது விளங்கும். தள்ளுபடி செய்த கடன் மாயமாவதில்லை. தள்ளியவரின் நட்டத்தில் போய் ஏறுகிறது.

கடனைக் கொண்டு சிலுவையை விளக்குவது பழைய வழக்கம். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்செல்ம் என்ற இறையியலாளர் அதை முழு வாதமாகவே கட்டினார்; அவர் காலத்துப் பிரபுக்களின் மானக் கணக்கு அதில் தெரிகிறது என்பது வேறு கதை. மலையகத்தில் அந்த விளக்கத்தைச் சொல்லும்போது கவனம் வேண்டும், ஏனெனில் எங்கள் முன்னோர் துண்டு முறைக்குள் வாழ்ந்தவர்கள். இன்னார் கங்காணிக்குப் பட்ட கடன் இவ்வளவு, கட்டினால் ஆளை விடுகிறோம் என்று தோட்ட நிர்வாகியான துரை எழுதிய சீட்டே துண்டு. புதிய தோட்டம் அதைக் கட்டி ஆளை எடுக்கும். கட்டிய தொகை மீண்டும் அவர் பேரிலேயே ஏறும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. கிறிஸ்து உன் கடனைக் கட்டிவிட்டார், இனி நீ அவருக்குக் கடன்பட்டவன், ஆகவே கொடு, உழை, அடங்கியிரு என்று முடியும் பிரசங்கம் துண்டையே புதுப்பிக்கிறது. கொலோசெயர் நிருபம் சொல்வதோ, நமக்கு விரோதமாயிருந்த கையெழுத்துக் குலைக்கப்பட்டுச் சிலுவையில் ஆணியடிக்கப்பட்டது என்பது. அது வேறு கைக்கு மாறவில்லை.

இதையெல்லாம் போதகரிடம் சொன்னேன். அவரும் தொழிற்சங்கத் தலைவரும் அந்த மனிதரும் நானும் அலுவலகத்தில் உட்கார்ந்தோம். உறவுக்காரப் பெண்ணின் பேரில் ஏறிய கிலோவைப் புத்தகத்திலிருந்து கூட்டிவிட முடிந்தது. எவரிடமிருந்து எவ்வளவு வெட்டப்பட்டது என்பது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே அந்த நாட்களில் அந்த மலையில் கொழுந்தெடுத்த எல்லோருக்கும் சமமாகப் பிரித்து, ஐந்தில் ஒரு பங்கும் கூட்டி, மாதத் தவணையாக அவர் கொடுப்பதென்று முடிவாயிற்று. ஒருவர் இறந்துபோயிருந்தார். பெற்றுக்கொள்ள இனத்தார் இல்லாவிட்டால் அந்தப் பங்கு ஆசாரியனைச் சேரும் என்று எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம் சொல்வதைக் காட்டி, அதைச் சபை நிதியில் போடலாம் என்றார் ஒரு மூப்பர். இறந்தவருக்கு மகள் இருந்தாள், பண்டாரவளையில் கடையொன்றில் வேலை செய்துகொண்டு. பணம் அவளுக்குத்தான் போயிற்று.

தவணை முடியுமுன் அவருக்குத் திருவிருந்து கொடுக்கலாமா என்ற விவாதமும் எழுந்தது. கொடுக்கலாம் என்றேன், திருவிருந்து பணம் கட்டியதற்கான ரசீதன்று. பெண்களும் மன்னித்தோம் என்று சொல்லவேண்டும் என்று போதகர் விரும்பியபோதுதான் நான் ஒத்துக்கொள்ளவில்லை. தானே நட்டத்தைச் சுமந்து மன்னிப்பது கேட்டு வாங்கும் பொருளன்று, அதிலும் அலுவலக மேசைக்கு முன்னால் நிறுத்தி வைத்துக் கேட்பது கூடவே கூடாது. அந்த அம்மா தம் முதல் தவணையை எண்ணி வாங்கி மடியில் முடிந்துகொண்டு, “தராசு கொஞ்ச நாளைக்கு ஒழுங்கா நிக்கட்டும், அப்பறம் பாப்பம்” என்று சொல்லிவிட்டு மலைக்குப் போனார். போதகருக்கு அது மனத்தாங்கலாக இருந்தது. அந்த அம்மா கேட்டதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. தராசடிக்கு வேறொருவரை நிறுத்தும்படி அன்றே துரைக்கு எழுதிக் கொடுத்தேன்.