இரண்டு டாலர் கார்டுக்கு ஏற்ற தபால்

சேகரிப்பவர்கள் வாங்கும் ஒரு போக்கிமான் கார்டையோ பேஸ்பால் கார்டையோ அமெரிக்காவுக்குள் இரண்டு டாலருக்கு விற்றுவிட்டு, அதைப் பார்சலில் அனுப்பினால் தபால் செலவு கார்டின் விலையைத் தாண்டிவிடும். செலவுக்குப் பயந்து வெறும் கவரில் செருகி ஸ்டாம்ப் ஒட்டினால், முனை மடங்கித்தான் போய்ச் சேரும். கடிதக் கட்டணத்திலேயே பத்திரமாக அனுப்ப முடியும். அதற்கு, தபால் துறையின் இயந்திரத்துக்குள் கவர் என்ன பாடுபடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கடிதங்களைப் பிரிக்கும் இயந்திரத்தில் கவர் இரண்டு பெல்ட்டுகளுக்கு நடுவே வேகமாக ஓடுகிறது. உருளைகளைச் சுற்றி வளைந்து திரும்புகிறது. உள்ளே விறைப்பான பிளாஸ்டிக் இருந்தால் வளைய மறுக்கும். அது தளர்வாகவும் கிடந்தால் ஓரத்துக்குச் சறுக்கி, கவரைக் கிழித்துக்கொண்டு வெளியே விழும். வாங்கியவருக்குக் காலிக் கவர் மட்டும் கிடைப்பது இப்படித்தான். ‘மடக்காதீர்கள்’ என்று சிவப்பு மையில் எழுதினாலும் இயந்திரத்துக்கு அது தெரியாது. எனவே பேக்கிங் முழுவதற்கும் ஒரே நோக்கம்தான்: கார்டு அதன் பிளாஸ்டிக் உறைக்குள் அசையக் கூடாது, அந்த உறை கவருக்குள் அசையக் கூடாது.

முதலில் ஸ்லீவ் எனும் மெல்லிய பிளாஸ்டிக் உறை. ஒரு ஸ்லீவுக்கு ஒரே கார்டு. இரண்டைச் சேர்த்துப் போட்டால் பளபளப்பான முகங்கள் உரசிக் கீறல் விழும். ஸ்லீவ் இல்லாமல் நேரே டாப்லோடர் எனும் விறைப்பான உறையில் நுழைக்கவே கூடாது. அந்தக் கடின பிளாஸ்டிக்கின் வாய் ஓரம்தான் கார்டின் முனையை முதலில் கெடுக்கும். ஸ்லீவில் நுழைக்கும்போதும் கீழ் முனை மாட்டுகிறது என்றால், ஸ்லீவ் வாயின் ஒரு மூலையில் குறுக்காகச் சின்ன வெட்டு கொடுங்கள். கார்டு வழுக்கிக்கொண்டு இறங்கும்.

அடுத்தது டாப்லோடர். சாதாரணக் கார்டுக்கு 35 பாயிண்ட் அளவு போதும். இது கார்டின் தடிமனுக்கான கணக்கு; ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விளையாட்டு வீரரின் ஜெர்சித் துணி பதித்த தடித்த கார்டுகளுக்கு 75, 130, 180 என்று பெரிய அளவுகள் உண்டு. மெல்லிய கார்டை 130-இல் போட்டால் உள்ளேயே ஆடி ஆடி முனை தேயும். தடித்ததை 35-இல் திணித்தால் மேற்பரப்பு நசுங்கும்.

டாப்லோடரின் வாயை அடைக்க, பசை தங்காமல் உரியும் நீல நிற பெயிண்டர் டேப்பைக் குறுக்காக ஒரு துண்டு ஒட்டுங்கள். அதன் ஒரு நுனியை மடித்துவிட்டால் வாங்கியவர் பிடித்து இழுக்க வசதி. பளபளக்கும் சாதாரண டேப் வேண்டாம். அதன் பசை பிளாஸ்டிக்கில் தங்கிவிடும், கார்டை வெளியே எடுக்கும்போது அந்தப் பசையில் கார்டு பட்டால் போச்சு. டேப் ஸ்லீவின் மேல் படாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். பட்டால் டேப்பை இழுக்கும்போது கார்டும் கூடவே வரும். டேப்புக்குப் பதிலாக டாப்லோடரை அப்படியே டீம் பேக் எனும் ஒட்டும் மூடியுள்ள பையில் போட்டு மூடலாம். மழைத் தண்ணீரும் உள்ளே போகாது. என் தேர்வு அதுதான்.

இனி கவர். பலரும் தவறுவது இங்கேதான். பாதுகாப்பு என்று நினைத்து, பெட்டியிலிருந்து வெட்டிய நெளி அட்டையை இரு பக்கமும் வைக்கிறார்கள். கடிதத்துக்கு அதிகபட்சத் தடிமன் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நெளி அட்டை ஒரு துண்டே 3, 4 மில்லிமீட்டர் வரும். இரண்டும் டாப்லோடரும் சேர்ந்தால் வரம்பு தாண்டிவிடும். அட்டை வைப்பதானால், கடிதத்துக்கு ஏற்றது காலை உணவு சீரியல் வரும் டப்பாவின் மெல்லிய அட்டை. ஒரு தாளை மூன்றாக மடித்து, நடு மடிப்பில் டாப்லோடரைப் படுக்கைவாட்டில் வைத்து, பெயிண்டர் டேப்பால் தாளோடு ஒட்டி, நம்பர் 10 எனும் வழக்கமான நீளக் கவரில் போடுங்கள். தாள் கவர் நீளத்துக்கு இருப்பதால் டாப்லோடர் எங்கும் ஓடாது. வாழ்த்து அட்டைக்கு வரும் சதுரக் கவரைத் தவிருங்கள். அந்த வடிவத்துக்கே கூடுதல் கட்டணம் உண்டு.

எடை பெரும்பாலும் ஒரு அவுன்சுக்குள், அதாவது 28 கிராமுக்குள் நிற்கும். சமையலறைத் தராசில் போட்டுப் பாருங்கள். 2025 ஜூலையில் வந்த கட்டணப்படி முதல் அவுன்சுக்கு 78 சென்ட், அடுத்த அவுன்சுக்கு 29 சென்ட். விறைப்பான கவர் இயந்திரத்தில் போகாது என்பதால் அதற்கு மேலும் 49 சென்ட் உண்டு. டாப்லோடர் வைத்த கவருக்கு இதைக் கட்டிவிடுவதே நேர்மையான வழி, பத்திரமான வழியும் கூட. அந்த 49 சென்ட்டும் வேண்டாம் என்றால், ஒரு டாலர் கார்டுகளுக்கு டாப்லோடரையே விட்டுவிட்டு, ஸ்லீவில் போட்டு இரண்டு மெல்லிய அட்டைகளுக்கு நடுவே ஒட்டி அனுப்பலாம். கவர் லேசாக வளையும், கார்டு மடங்காது.

ஈபே இணையச் சந்தையில் விற்பவர்களுக்கு 20 டாலர் வரையிலான கார்டுகளுக்கென்று ‘ஸ்டாண்டர்டு என்வலப்’ என்ற அஞ்சல் சேவை இருக்கிறது. கடிதச் செலவிலேயே டிராக்கிங்கும் கிடைக்கும்; மூன்று அவுன்ஸ் வரை அனுப்பலாம். ஆனால் அந்த டிராக்கிங் பார்கோடை இயந்திரம் படிப்பதால் வருவது. விறைப்பான கவரைத் தபால்காரர் ஒதுக்கி வைத்துக் கையால் பிரித்தால், பதிவு பாதியில் நின்றுவிடும். ‘வரவில்லை’ என்று வாங்கியவர் சொன்னால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆகவே இந்தச் சேவைக்குக் கவர் வளையும்படி இருப்பது இரட்டிப்பு அவசியம்.

இருபது டாலருக்கு மேல் போனால் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். 4-க்கு 8 அங்குல பபிள் கவர், தபால் துறையின் ‘கிரவுண்டு அட்வான்டேஜ்’ பார்சல் சேவை. இதில் டிராக்கிங்கும் 100 டாலர் காப்பீடும் கட்டணத்துக்குள்ளேயே அடங்கும். நெளி அட்டை பயன்படும் இடமும் இதுதான். டாப்லோடரைவிட எல்லாப் பக்கமும் கொஞ்சம் பெரிதாக இரண்டு துண்டு வெட்டி, ஒன்றின் நெளிக் கோடுகள் நீளவாட்டிலும் மற்றதன் கோடுகள் அகலவாட்டிலும் வரும்படி வையுங்கள். இரண்டும் ஒரே வாட்டில் இருந்தால் அந்தக் கோட்டிலேயே மடங்கும்.

சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்புவதென்றால் கடிதக் கணக்கை மறந்துவிடுங்கள். 2021 முதல் அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக் கடிதத்தில் காகித ஆவணங்கள் மட்டுமே போகலாம். கார்டு பொருளாகக் கருதப்படுவதால் சுங்கப் படிவத்தோடு பார்சலாகத்தான் போக வேண்டும். ஒற்றைக் கார்டுக்கு அது கட்டுப்படியாகாது. பத்து இருபது சேர்ந்த பிறகு ஒன்றாக அனுப்புங்கள்.